ரங்கையா மில்லுக்கு யார் மேனேஜர்?

ரங்கையா செட்டியின் வேர்க்கடலை மில் வாசலில் தகரப் பலகை ஏறிய நாள் முதல் இயேசுதாசனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பலகையில் இருந்தது மூன்றே வரி. மேலே மில்லின் பெயர், நடுவில் முதலாளி பெயர், கீழே ‘மேனேஜர்: அசரியா’. பச்சை வர்ணத்தின்மேல் வெள்ளை எழுத்து. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற ரோட்டில் ஜட்கா ஏறியவன், மாடு பிடித்தவன், மொட்டை போட்டுத் திரும்புகிறவன் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதானே போவார்கள் என்று நினைக்கும்போதே அவனுக்கு வயிறு எரியும்.

பத்தொன்பது வருஷம் அந்த மில்லின் ஆயில் இஞ்சினோடு குடித்தனம் நடத்தியவன் இயேசுதாசன். கட்டிய பெண்டாட்டி எலிசபெத்தைச் சித்தூரில் விட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறிப் போய் ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவன், மீதி ஆறு நாளும் இஞ்சினோடுதான் இருந்தான். அது ஒரு தரம் இருமினால் எங்கே கோளாறு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அசரியா யார்? எலிசபெத்தின் சித்தப்பா மகன். எட்டாவது படித்துவிட்டுக் குடிபாலாவில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவனை, மைத்துனனாயிற்றே என்று ஆறு வருஷத்துக்கு முன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து செட்டி முன்னால் நிறுத்தியதே இயேசுதாசன்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை.

பலகை ஏறியதற்குக் காரணம் சர்க்கார். புதிதாக பாக்டரிச் சட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். மில் என்றால் மேனேஜர் என்று ஒருவன் இருக்க வேண்டும், அவன் பெயரை எழுதி இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டும். ஓடுகிற சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் ஆள் தொடாதபடி வேலி கட்ட வேண்டும். தவறினால் முதலாளிக்கும் மேனேஜருக்கும் தலைக்கு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். செட்டிக்கு எழுதவும் படிக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அசரியாவுக்கு நாலு வரி இங்கிலீஷ் வரும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று இயேசுதாசனிடம் யார் சொல்வது? சொன்னாலும் காதில் ஏறுமா?

அந்த வருஷம் சித்தூர் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் தங்கள் கொல்லையில் காய்த்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்தண்டை வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம். உபதேசியார் சின்னப்பன் ஒரு பறங்கிக்காயைத் தூக்கிப் பிடித்தார். அசரியா நாலணா என்றான்.

“மேனேஜர் அசரியா நாலணா” என்றார் உபதேசியார்.

இயேசுதாசன் ஆறணா என்றான்.

“இயேசுதாசன் ஆறணா.”

அசரியா எட்டணா என்றபோது உபதேசியார் மறுபடி மேனேஜரைச் சேர்த்துக்கொண்டார். அவர் நாக்கு அதில் தேன் தடவியது போல வழுக்கிக்கொண்டு போனது. ‘மேனேஜர் அசரியா ஒரு ரூபா’, ‘இயேசுதாசன் ஒண்ணேகால்’, ‘மேனேஜர் அசரியா ஒண்ணரை’. இவன் பெயருக்கு முன்னால் வைக்க அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. இரண்டே முக்கால் ரூபாய்க்கு இவன் போனபோது அசரியா சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டான். “மாமா ஆசைப்படுறாரு, அவருக்கே இருக்கட்டும்” என்றான். சபையே சிரித்தது.

அடுத்த சனிக்கிழமை அவன் போனபோதும் எலிசபெத் அந்தப் பறங்கிக்காயைத்தான் சமைத்திருந்தாள். “ரெண்டணா காயிக்கு ரெண்டே முக்கா ரூபா. எங்க அசரியாவுக்கு எவ்ளோ புத்தி பாரு, நேரம் பார்த்து விட்டுட்டான்” என்று அவள் சொன்னதுதான் அதிகம் சுட்டது. எங்க அசரியாவாம்.

மேனேஜர் ஆன பிறகு அசரியா, மில்லில் இருவரும் தங்கியிருந்த அறையில், சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். கடலை உடைக்கிற மிஷினுக்கும் இஞ்சினுக்கும் நடுவே பதினைந்தடி நீளத்துக்குப் பெல்ட் ஓடுகிறது. அதற்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு கம்பி வேலி அடித்தான். அது செட்டிக்கே பிடிக்கவில்லை, இயேசுதாசனுக்குத் துளியும் பிடிக்கவில்லை. காரணம் உண்டு. வெயில் ஏறஏறப் பெல்ட் தளரும், சக்கரத்தைவிட்டு நழுவும். நழுவினால், ஓடுகிற இஞ்சினை நிறுத்தாமலே ஒரு மூங்கில் கழியால் பெல்ட்டைத் தூக்கிச் சக்கரத்தின் விளிம்பில் கொடுத்து ஒரு நெட்டு நெட்டுவான் இயேசுதாசன். பாம்பு புற்றில் ஏறுவது போல அது தானாக ஏறிக்கொள்ளும். எட்டு ஜில்லாவில் இந்த வித்தை தெரிந்தவர்கள் நாலு பேர்கூட இருக்கமாட்டார்கள் என்பது அவன் நினைப்பு. வேலி வந்தபின் அதெல்லாம் கிடையாது. இஞ்சினை நிறுத்த வேண்டும், வேலியின் கதவைத் திறக்க வேண்டும், பெல்ட்டை மாட்ட வேண்டும், மறுபடி இஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஒரு தரத்துக்குக் கால் மணி போகும். நாளைக்கு ஐந்தாறு தரம் நழுவும்.

“கழிய வெச்சி மாட்டாத மாமா, கை போயிடும்” என்பான் அசரியா.

“பத்தொம்போது வருசமா போவாத கை, நீ பொஸ்தகம் படிச்சதுல போயிடுமா?”

“உன் கை போவாது மாமா. கீழ பெருக்கிக்கினு இருக்கறவங்க கை போவும்.”

பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கடலையைப் பொறுக்கப் பெண்கள் குனிந்து பெருக்கிக்கொண்டே இருப்பார்கள். அவன் சொன்னது நியாயம் என்று இயேசுதாசனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் இரட்டிப்பாக வந்தது. இன்னொருவன் நியாயமாகப் பேசுவதைவிடப் பொறாமைக்காரனுக்குப் பொறுக்க முடியாதது உலகத்தில் உண்டா?

கார்த்திகை பிறந்து கடலை வரத்து மும்முரமான சமயம். அசரியா இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தான். இதுதான் சமயமென்று இயேசுதாசன் ஸ்பானரை எடுத்துப் போய் வேலியைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்தான். இரண்டு நாளும் இஞ்சின் நிற்கவேயில்லை. வழக்கத்தைவிட நாற்பது மூட்டை அதிகம் உடைந்தது. செட்டியைக் கூட்டிவந்து மூட்டை அடுக்கைக் காட்டினான்.

“வேலி எங்கய்யா?” என்றார் செட்டி.

“கழட்டி வெச்சிட்டேன் சாமி. என் கையில மில்ல குடுங்க, தெனம் இப்பிடிதான்.”

செட்டி சாய்த்து வைத்த வேலியைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், இயேசுதாசனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு வேறொரு தலைவலியும் இருந்தது. வேலியெல்லாம் சட்டப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டபோது, மிஷினின் பின் சக்கரத்துக்கு வேலி கட்டாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அசரியா மறுத்திருந்தான். அது மட்டுமா, வேலி வாங்கப் பணம் கேட்டு மூன்று கடிதம் எழுதி, நகல் வேறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போடாத மேனேஜரை வைத்துக்கொண்டு செட்டி என்ன செய்வார்?

“சரேயய்யா” என்றார். “நீயே இருந்துக்கோ மேனேஜரா.”

இயேசுதாசனுக்குக் கால் தரையில் படவில்லை. இங்கிலீஷில் ஏதோ அச்சடித்த இரண்டு தாளைச் செட்டி நீட்டினார். என்ன ஏதென்று கேட்கவில்லை. கேட்டால் படிக்கத் தெரியாதவன் என்று ஆகிவிடும். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தன் பெயரை மட்டும் இங்கிலீஷில் எழுதக் கற்றிருந்தான். அதை இரண்டு தாளிலும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான். சம்பளம் ஏறவில்லை, இஞ்சின் வேலையும் அப்படியே இருந்தது. அதைப் பற்றியெல்லாம் அவன் நினைக்கவில்லை. பெயின்டரை வரவழைத்து, பலகையில் அசரியாவைச் சுரண்டி எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.

இனி அசரியா முகம் தொங்கும், அதைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று காத்திருந்தான். அந்தப் பாவி காய்ச்சல் தெளிந்து வந்து பலகையைப் படித்தான். “சந்தோசம் மாமா” என்றான். போய்க் குமாஸ்தா மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டான். அவன் சாப்பாடு குறையவில்லை, தூக்கம் குறையவில்லை. பிடுங்கிக்கொண்ட பொருளை இழந்தவன் தேடவேயில்லை என்றால் பிடுங்கினவனுக்கு என்ன ருசி? முன்பு பலகையைப் பார்த்து எரிந்தவன், இப்போது அசரியாவின் குறட்டையைக் கேட்டு எரிந்தான்.

மேஜைக்குப் போகுமுன் அசரியா ஒன்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். “மாமா, அந்த வேலிய மட்டும் திரும்ப மாட்டிடு. உன் பேரு போட்டுக் கீது. எது ஒண்ணு ஆனாலும் சர்க்காரு உன்னதான் கேப்பான்.”

“கேக்கட்டும். மேனேஜர கேக்காம குமாஸ்தாவையா கேப்பான்?” என்றான் இயேசுதாசன். சொல்லிவிட்டு நாள் முழுக்க அந்தப் பதிலை நினைத்து நினைத்து ரசித்தான். வேலி சுவரோடு சாய்ந்தபடியே கிடந்தது.

சரியாக மூன்று வாரம். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. பெல்ட் நழுவியது. இயேசுதாசன் கழியை எடுத்தான், பெல்ட்டைச் சக்கரத்தின் விளிம்பில் கொடுத்தான், நெட்டினான். அந்தப் பக்கம் அம்சவேணி குனிந்து பெருக்கிக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. புத்தூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், புருஷன் இல்லை. பெல்ட் ஏறிய வேகத்தில் அவள் முந்தானையைக் கவ்வியது. முந்தானையை இழுக்கப் போன கையையும் கவ்வியது. அவன் பாய்ந்து இஞ்சினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெண்கள் அலறினார்கள். இயேசுதாசன் கழியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான். குமாஸ்தா மேஜையிலிருந்து ஓடிவந்து தன் வேட்டியைக் கிழித்துக் கையைக் கட்டியது அசரியா. ஜட்காவை நிறுத்தி அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதும் அசரியா. ரத்தம் சிந்திய தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு நெஞ்சு பதறியது உண்மை. அந்தப் பதற்றத்துக்கு நடுவிலும், இதற்கும் அவன்தான் முந்திக்கொண்டான் என்று ஓர் எண்ணம் எலி போலத் தலை நீட்டியது. சீ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டதாகச் சாயங்காலம் சேதி வந்தது.

நாலாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பி போட்ட, மெலிந்த, அதிகம் பேசாத மனுஷர். சுவரோடு சாய்ந்திருந்த வேலியை அளந்தார், கழியைக் கையில் வாங்கிப் பார்த்தார், எல்லோரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு மாதத்தில் சித்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து இரண்டு சம்மன் வந்தது. ஒன்று செட்டிக்கு, ஒன்று மேனேஜர் இயேசுதாசனுக்கு. அசரியாவுக்குச் சாட்சி சம்மன்.

செட்டி அசரவில்லை. அவர் வக்கீல் வெங்கடசாமி நாயுடு சட்டத்தில் ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தார். முதலாளி தன்னால் ஆன மட்டும் ஜாக்கிரதையாக இருந்தார், அவருக்குத் தெரியாமல் வேறொருவன் செய்துவிட்டான் என்று ருசுப்படுத்தினால் முதலாளிக்குத் தண்டனை இல்லை, செய்தவனுக்கு மட்டும்தான். செய்தவன் யார்? மேனேஜர். அதற்குத்தானே அந்த இரண்டு தாள். ‘வேலிகளின் பொறுப்பு முழுவதும் என்னுடையது’ என்று இயேசுதாசன் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். அது இப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் தான் தங்கியிருந்த சித்தூர் முசாபரி பங்களாவுக்கு அவனைக் கூப்பிட்டனுப்பினார். எலிசபெத்தும் கூடப் போனாள்.

“இதோ பாருப்பா” என்றார் இன்ஸ்பெக்டர். “நீ இஞ்சின் டிரைவர். படிக்கத் தெரியாது. அபராதத்தைத் தாங்கிக்க முதலாளி உன் பேரைப் போட்டார். வேலியைக் கழற்றினதை அவர் கண்ணால் பார்த்தார், வாயால் சம்மதிச்சார். நாளைக்கு இதைத்தான் நீ சொல்லணும். நடந்ததை நடந்தபடி. சொன்னால் அவர் தப்ப முடியாது. உனக்கும் ஏதோ கொஞ்சத்தோடு போகும். அந்தப் பெண்ணுக்கும் நல்லது. முதலாளி மேல குத்தம்னு தீர்ப்பானா, அவள் கைக்கு நஷ்டஈடு கேட்கும்போது அவர் வாயைத் திறக்க முடியாது.”

“சொல்றேன் சாமி” என்றான் இயேசுதாசன். மனதாரத்தான் சொன்னான். விபத்து நடந்த நாள் முதல் அம்சவேணியின் அலறல் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

வெளியே வந்ததும் எலிசபெத் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் இஞ்சின் டிரைவர்தான்னு சொல்லிடு. தலையில கீற கிரீடமா விழுந்துடும்? ஒரு வார்த்த. அதோட போவட்டும்.”

“சொல்றேன்னு சொன்னனே.”

“அசரியாவும் உனக்காகதான் பேசப் போறான். நேத்தே வந்து சொன்னான், மாமாவ எப்பிடியாவது மீட்டுடணும்னு.”

அந்தக் கடைசிப் பேச்சை அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் கோர்ட்டில் கூட்டம். சபையிலிருந்து பத்துப் பேர் வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். உபதேசியார் சின்னப்பனும் அதில் இருந்தார். முன்னால் ஒரு ஓரமாக அம்சவேணி தரையில் உட்கார்ந்திருந்தாள், இடது கையால் முந்தானையை இழுத்து வலது பக்கத்தை மூடிக்கொண்டு. செட்டி ஜரிகை அங்கவஸ்திரத்தோடு நாற்காலியில் இருந்தார். அசரியா கோட்டுப் போட்டு வந்திருந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, தோளில் கொஞ்சம் பெரிசு. இருந்தாலும் அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது, அதைக் கவனிக்காமல் இருக்க இயேசுதாசனால் முடியவில்லை.

முதல் சாட்சி அசரியா. மூன்று கடிதங்களின் நகலையும் கொடுத்தான். ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ‘பெல்ட்டுக்கு வேலி அவசியம்’, ‘பெருக்கும் பெண்களுக்கு ஆபத்து’, ‘ஏதும் நடந்தபின் வருந்திப் பயனில்லை’. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அசரியாவை நிமிர்ந்து பார்த்தார். “நல்ல கடிதம்” என்றார்.

நல்ல கடிதமாம். பத்தொன்பது வருஷத்தில் தன்னை நிமிர்ந்து பார்த்து ஒரு பெரிய மனிதர் நல்ல என்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா என்று இயேசுதாசன் நினைத்துப் பார்த்தான். அகப்படவில்லை.

“இந்த இயேசுதாசன் மேனேஜர் ஆன பிறகு, மேனேஜர் வேலையெல்லாம் யார் பார்த்தது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“நான்தான் சார். அவரு பாவம்” என்றான் அசரியா. குரலில் அப்படி ஓர் இரக்கம். “அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். எழுதப் படிக்க வராது. மில்லுல எந்த முடிவும் அவரு கையில இல்ல. பேருக்கு வெச்சாங்க. நெசத்த சொன்னா அப்பவும் நான்தான் மேனேஜர். அவரு இஞ்சின் ஓட்டிக்கினு இருந்தாரு, அவ்ளோதான்.”

கடைசி வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அசரியா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஒவ்வொன்றும் இவனைக் கரையேற்றப் போட்ட கயிறு. இயேசுதாசனுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் பாவம் என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் கண் இருட்டியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். குற்றம் சாட்டியிருந்தால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பான். கோட்டுப் போட்டுக்கொண்டு, சபை முன்னால், பலகையிலிருந்து சுரண்டிப் போட்ட பிறகும் நான்தான் மேனேஜர் என்கிறானே.

மாஜிஸ்திரேட் இவன் பக்கம் திரும்பினார். “நீ என்ன சொல்கிறாய்? நீ இஞ்சின் டிரைவர்தானே? பேருக்குத்தானே உன்னை மேனேஜர் என்று வைத்தார்கள்?”

இன்ஸ்பெக்டர் தலையை மெல்ல ஆட்டினார், சொல்லு என்பது போல. எலிசபெத் கும்பிட்ட கையை நெஞ்சோடு வைத்திருந்தாள்.

“இல்லீங்க” என்றான் இயேசுதாசன். “நான்தான் மேனேஜர்.”

“யோசித்துச் சொல்.”

“யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. அவன் குமாஸ்தா. கடுதாசி எழுதறவன். மில்லு முழுக்க என் கையில. கையெழுத்து நான் போட்டது. என்ன கேக்காம அங்க ஒரு ஆணி அசையாது.”

“வேலியைக் கழற்றச் சொன்னது முதலாளியா?”

அம்சவேணி முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். முதலாளி சொன்னார் என்றால், முதலாளி சொல்லிச் செய்கிற ஆள் என்று ஆகிவிடும். அசரியா சொன்னதே மெய்யாகிவிடும்.

“அவருக்குத் தெரியாதுங்க” என்றான். “நான் மேனேஜரு, நான் முடிவு பண்ணேன், நான் கழட்டினேன்.”

நாயுடு எழுந்துகூட நிற்கவில்லை. அவருக்கு இனி வேலை இல்லை. இன்ஸ்பெக்டர் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தீர்ப்புக்கு அரை மணிகூட ஆகவில்லை. முதலாளி ஜாக்கிரதையாக நடந்துகொண்டார், அவருக்கு விஷயம் தெரியாது, விடுதலை. மேனேஜருக்கு முந்நூறு ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் இரண்டு மாதம் வெறுங்காவல். மேனேஜர் என்ற வார்த்தையை மாஜிஸ்திரேட் நாலைந்து தரம் சொன்னார். ஒவ்வொரு தரமும் இயேசுதாசன் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

முந்நூறு ரூபாய் என்றால் அவனுக்குப் பத்து மாதச் சம்பளம். எலிசபெத் கழுத்தில் கிடந்ததையும் காதில் கிடந்ததையும் கோர்ட் வராந்தாவிலேயே கழற்றி முடிந்துகொண்டு, மீதிக்கு வீட்டிலிருந்த எருமையை விற்கிற பேச்சைப் பேச அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அவனை வா என்று கூப்பிடவில்லை.

செட்டி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். “நாளைலேர்ந்து மில்லுக்கு வராதய்யா” என்றார், கோபமில்லாமல். “இவ்வளவு ஜாக்கிரதையான மொதலாளி, வேலி கழட்டின ஆளை வெச்சிக்கலாமா, நீயே சொல்லு. சர்க்காரு என்ன நினைக்கும்?” பிறகு அசரியாவின் கோட்டுத் தோளில் கை வைத்து, பலகையில் மறுபடி அவன் பெயரையே போட்டுவிடலாம், ஐந்து ரூபாய் கூட்டித் தருகிறேன் என்றார்.

“வேணாம் சாமி” என்றான் அசரியா. “ரேணிகுண்டால ரயில்வேக்கு எழுதிப் போட்டிருக்கேன். கெடைக்கும். கெடைக்காட்டியும் அந்தப் பலகை எனக்கு வேணாம்.”

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். பெண்டாட்டி தாலிக்கொடிவரை வைத்து வாங்கிய பொருளை, அவன் தெருவில் கிடக்கிற சாணியைத் தாண்டுவது போலத் தாண்டிப் போகிறான். அந்த நிலையிலும் இயேசுதாசனுக்கு அவனைப் பார்த்து வயிறு எரிந்தது. வேண்டாம் என்று சொல்கிற அந்தத் தெம்பு தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று எரிந்தது.

அசரியா அவனிடம் வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். இயேசுதாசன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவே, ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டான்.

கூட்டம் கலைந்தது. படிக்கட்டில் இயேசுதாசன் மட்டும் நின்றான். அம்சவேணி ஒரு கையைப் படியில் ஊன்றி எழுந்து வந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவன் காலிலாவது விழுந்திருப்பான். ஆபீசில் சந்தேகம் கேட்கிறவள் போல, புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள வந்தவள் போல எதிரில் நின்றாள்.

“அண்ணா, எனக்கு ஒண்ணும் வெளங்கல, நீயே சொல்லு” என்றாள். “மொதலாளி மேல குத்தம் இல்லன்னு ஆயிப்போச்சி. இனிமே என் கைக்கு அவரு ஒரு காசு தரமாட்டாராம், வக்கீலு சிரிச்சிக்கினே சொல்லிட்டுப் போறாரு. உள்ள நீதான் மேனேஜர்னு சொன்னே. மில்லு முழுக்க உன் கையிலன்னு சொன்னே.”

“ஆமா” என்றான்.

“அப்ப நீதான தரணும்? ஊட்ல ரெண்டு புள்ள கீது. ஒரு கைய வெச்சிக்கினு நான் இன்னா வேலைக்குப் போவேன், இன்னா துன்னும் அதுங்க? சொல்லு மேனேஜரே.”

அவனை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். பரிகாசமாக இல்லை, உண்மையாகவே நம்பிக் கூப்பிட்டாள். பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

இயேசுதாசன் ரோட்டைப் பார்த்தான். பெரிய கோட்டு ஒன்று தூரத்தில் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அசரியா மட்டும் மேனேஜராக இருந்து, இந்தக் கேள்விக்கு இங்கே நின்று பதில் சொல்லக் கூடாதா என்று இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவன் கூப்பிடவில்லை.